டவரை ஏன் இறக்கினேன்?



போன வாரம் வீட்டுப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். பேத்தியையும் காய்த்த மாமரத்தையும் காட்டத்தான் போட்டேன். வந்த கேள்விகளில் பாதி, "சார், டவர் எங்கே சார்?" என்பதுதான். ராசிபுரத்து மாப்பிள்ளை போன் போட்டு, "ஏனுங்க மாமா, இத்தனை வருசமா நின்னதை வித்துப்புட்டீங்களா?" என்றார். ஆளாளுக்குப் பதில் சொல்வதைவிட இங்கேயே விவரமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசிப் பெஞ்சுக்காரர்கள் இடையில் தூங்கிக்கொள்ளலாம், சாக்பீஸ் எறிய மாட்டேன்.

விற்கவில்லை. மாசி மாதத்தில் காற்றில்லாத ஒரு காலையில் இறக்கினேன். நன்றாக நின்றுகொண்டிருந்தபோதே இறக்கினேன். அந்த 'நன்றாக நின்றபோதே' என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

முதலில், தெரியாதவர்களுக்காக. அது செல்போன் டவர் இல்லை. நான் ஹாம் ரேடியோக்காரன். மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் டபிள்யூ.பி.சி. என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் நடத்தும் தேர்வை எழுதி உரிமம் வாங்கினால், நமக்கென்று ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். நம் நாட்டு ஹாம்களின் குறி பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். அதன் பிறகு சொந்தமாக வானொலி நிலையம் வைத்து மற்ற ஹாம்களோடு பேசலாம். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. 12 வயது நிரம்பினால் யாரும் தேர்வு எழுதலாம். நம் மாநிலத்துக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. அகில இந்திய வானொலி வருவதற்கு முன்பே, 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பும் நடத்தினார். ஆர்வத்தால் தொடங்கிய வேலைதான் அது.

சரி, டவருக்கு வருவோம். 40 அடி. பத்தடித் துண்டுகள் நான்கு. மூன்று ஜி.ஐ. பைப்புகளை முக்கோணமாக நிறுத்தி, நடுவே கம்பியை வளைத்து வளைத்து வெல்டிங் வைத்தது. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லில் இதற்கா ஆள் இல்லை? பட்டறைக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏணியை மூணு பக்கமாச் செய்யணும், அவ்வளவுதானுங்களே வாத்தியாரே" என்றார். அடியில் மூன்றடிச் சதுரத்தில் நான்கடி ஆழக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டோம்.

ஆனால் டவரை நிறுத்தி வைப்பது கான்கிரீட் மட்டும் இல்லை, இழுகம்பிகள். ஈ.பி. கம்பத்துக்குச் சாய்வாகக் கட்டியிருப்பார்களே, ஸ்டே கம்பி, அதேதான். மூன்று திசையில், மேலே ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை, ஆக ஆறு கம்பிகள். ஒவ்வொரு திசையிலும் அடியிலிருந்து 30 அடி தள்ளி நிலத்தில் ஊன்றியது. ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை வடிவில் ஒரு பீங்கான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கம்பியும் அதில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போகும். பீங்கான் உடைந்து விழுந்தாலும் கம்பிகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், அறுந்து விழாது. எவ்வளவு எளிமையான யோசனை! இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு கயிற்று வளையத்தை வைத்துக் காட்டியிருக்கிறேன். நினைவிருக்கிறவர்கள் கமென்டில் கை தூக்குங்கள்.

கம்பியை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது? தளர்ந்தால் டவர் ஆடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் இறுக்கினாலும் கெடுதல். ஆறு கம்பிகளும் டவரைக் கீழ்நோக்கி அமுக்கும், ஒல்லியான கால்கள் நடுவில் வளையப் பார்க்கும். அந்தக் கம்பி எவ்வளவு பாரத்தில் அறுமோ அதில் பத்தில் ஒரு பங்கு இழுவை போதும் என்பது பொதுக் கணக்கு.

உச்சியில் என்ன இருந்தது என்றும் சிலர் கேட்டார்கள். மீன்முள் மாதிரி ஒன்று. பழைய டிவி ஆன்டெனாவின் அண்ணன். 1926-இல் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேர் உலகுக்குக் கொடுத்தது, யாகி ஆன்டெனா என்றே பெயர். அது 145 மெகாஹெர்ட்ஸுக்கு. அந்த அலை ஏறக்குறைய பார்வை போகும் தூரம்தான் போகும், அதனால் உயரம் வேண்டும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். என் 12 மீட்டர் டவருக்கு 14 கிலோமீட்டர். தூரம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்கு ஆகவேண்டும். சேர்வராயன் மலை மேலே நிற்கிறவருக்கோ சமவெளி மேல் 150 கிலோமீட்டர் வரை திறந்து கிடக்கும். ஏற்காட்டில் நிற்கிற ஹாம் ஒருவர் கையடக்கக் கருவியில் பேசுவது நம் வீட்டில் கணீரென்று கேட்டதற்குக் காரணம் இதுதான்.

கட்டி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. காப்பாற்ற இருபது வருடத்துக்கு மேல் ஆனது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்துக்கு இரண்டு காற்று உண்டு. ஒன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று. வாரக்கணக்கில் விடாமல் ஆட்டும். ஆட்டத்தில் நட்டுகள் தளரும். இன்னொன்று, சித்திரை வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் பத்து நிமிடம் அடிக்கும் சுழற்காற்று. பத்தே நிமிடம்தான், ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வாழைத் தோட்டம் வைத்திருக்கிற சொந்தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஆனியிலும், மேலே ஏறியே ஆகவேண்டும். ஒவ்வொரு நட்டையும் ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் துரு, இழை பிரிந்திருக்கிறதா, கிளிப்புகள் பிடித்திருக்கிறதா. கேபிள் இணைப்பில் சுற்றிய டேப் நம் வெயிலில் வெடித்துவிடும். ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் கேபிள் முழுக்கக் கறுத்துவிடும். பைப்புக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற ஒவ்வொரு காலின் அடியிலும் சிறு துளை இருக்கும். குளவி மண்ணை வைத்து அதை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளேயே நின்று, வெளியே அலுமினியப் பெயின்ட் பளபளக்க, உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல பைப் கணீர் என்னும், துருப்பிடித்தது டொக் என்னும். பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்யும் சோதனையேதான்.

ஏறுவது யார்? 55 வயது வரை நானே ஏறினேன். அதன்பின் என்னிடம் படித்த ஒரு தம்பி, ஒயர்மேன் வேலை பார்த்தவர், உடம்பு முழுதும் பிடிக்கும் பெல்ட் மாட்டிக்கொண்டு ஏறுவார். இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் இறங்கும்வரை எனக்குக் காபி இறங்காது. மூன்று வருடத்துக்கு முன் அவர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். கூப்பிட்டால் வருகிறார், ஆனால் அவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் என் ஆசைக்காக ஒருவர் வீட்டுப் பிள்ளையை 40 அடி மேலே அனுப்புகிறேன் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது.

இன்னொன்றும் மாறியது. டவர் கட்டிய காலத்தில் மேற்கே மரவள்ளிக் காடு. சாய்ந்தால் கிழங்குச் செடிதான் நசுங்கும். இன்று அங்கே ஒரு வீடு வந்திருக்கிறது. எங்கள் அடித்தளத்திலிருந்து டேப் பிடித்து அளந்தேன், அவர்கள் மாடிப்படி 27 அடியில் இருக்கிறது. சாயங்காலம் அந்தப் படியில் மூன்று குழந்தைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். 40 அடி டவரைச் சுற்றி 40 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் நான் பொறுப்பு. அவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

"சார், நல்லாத்தானே இருக்கு, இன்னும் அஞ்சு வருசம் நிக்கட்டுமே" என்று அந்தத் தம்பியே சொன்னார். அப்போது அவரிடம் நான் சொன்னது இதுதான்: டவரை இறக்குவதற்கும் யாராவது அதில் ஏறித்தான் ஆகவேண்டும். மேல் துண்டைக் கழற்றுகிறவரின் எடையை அடித்துண்டு தாங்க வேண்டும். துருப்பிடித்துப்போன பிறகு இறக்கலாம் என்றால், ஏறுகிற ஆளுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. ஏறத் தகுதியாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். பராமரிப்பின் கடைசி வேலை அது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப இங்கிலாந்தின் போல்டுவில் 200 அடிக் கம்பங்கள் இருபதை வட்டமாக நட்டார். 1901 செப்டம்பரில் ஒரு புயலில் எல்லாம் சரிந்தன. அந்த டிசம்பரில் கடலின் மறுகரையில் அவர் சமிக்ஞை கேட்டதாக அறிவித்தபோது, அங்கே அவருடைய ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்திருந்தது ஒரு காற்றாடி! போலந்தில் 646 மீட்டர் உயர வானொலிக் கம்பம் ஒன்று இருந்தது, அன்று உலகிலேயே உயரமான கட்டுமானம். 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது இழுகம்பிகளை மாற்றும் பராமரிப்பு வேலை.

ஆகவே நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் தற்காலிகக் கயிறுகளை மூன்று பக்கமும் கட்டினோம். அதன் பிறகே இழுகம்பியில் கை வைத்தோம். நின்ற பகுதியோடு சேர்த்து ஒரு பைப்பைக் கட்டி, அதன் உச்சியில் கப்பி போட்டு, ஒவ்வொரு துண்டாக இறக்கினோம். கட்டியபோது ஏற்றிய அதே முறை, தலைகீழாக. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பதினோரு மணிவரை கோவிலுக்குப் போய்வரச் சொல்லியிருந்தேன். கடைசித் துண்டைக் கீழே கிடத்தித் தட்டிப் பார்த்தேன். மூன்று காலும் கணீர் என்றன. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று ராத்திரி ஒரு காற்று அடித்தது. பல வருடத்தில் முதல்முறையாக எழுந்து வெளியே வந்து பார்க்காமல் தூங்கினேன்.

"அப்போ ரேடியோ முடிஞ்சுதா சார்?" இல்லை கண்ணுகளா. 7 மெகாஹெர்ட்ஸ் அலை வேறு மாதிரி. அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதற்கு டவர் தேவையில்லை, 66 அடிச் செம்புக் கம்பி போதும். இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டியிருக்கிறேன். ஒரு முனையில் கப்பி, கயிற்றின் நுனியில் கல் போட்ட டின். மரம் ஆடும்போது டின் ஏறி இறங்கும், கம்பி அறாது. இடிச் சத்தம் கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன். அதையும் நான் தரையில் நின்றே செய்துகொள்ளலாம்.

வாட்ஸ்அப் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் குழுவோடு அந்தமான் போய், போர்ட் பிளேரில் நிலையம் அமைத்துப் பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசிகள் செத்தபோது, அவர்கள் நிலையம் வழியாகத்தான் எத்தனையோ குடும்பங்களின் செய்தி கரைக்கு வந்தது. ஒரு பாட்டரி, ஒரு கம்பி, பயிற்சியுள்ள ஓர் ஆள், அவ்வளவே தேவைப்பட்டது.

இனி வீட்டுப்பாடம். உங்கள் மாடியில் பழைய டிவி ஆன்டெனா பைப், பயன்படாத டிஷ், விளக்குக் கம்பம் ஏதாவது நிற்கிறதா? ஆடிக் காற்றுக்கு முன் அதன் அடியில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். டொக் என்றால், அதில் ஏறாமல், ஏணியை அதன்மேல் சாய்க்காமல், தெரிந்த ஆளை வைத்து இறக்குங்கள். அதற்கு முன், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈ.பி. லைனைத் தொடுமா என்று பாருங்கள். தொடும் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை.

டவர் துண்டுகள் நான்கும் மாட்டுக்கொட்டகையில் படுத்திருக்கின்றன. அடித்தளக் கான்கிரீட் மேல் பேத்தி பூந்தொட்டி வைத்திருக்கிறாள். உங்களில் யாருடைய பிள்ளையாவது தேர்வு எழுதி உரிமம் வாங்கினால், நான்கு துண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். சுற்றிலும் 40 அடி காலி இடமும், வருடத்துக்கு இரண்டு முறை ஏறும் தெம்பும் இருக்க வேண்டும். அதை மட்டும் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.