ரெக்ஸின் பின்னங்கால்

எங்க வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் ரெக்ஸுக்கு ஒன்பது வயசு. போன வருஷம் அப்பா போன் பண்ணி, "பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்குறான்டா, தரையில நகம் உரசுற சத்தம் கேக்குது" என்றார்.

ஓபி முடித்த களைப்பு. "வயசாயிடுச்சுப்பா, மூட்டுத் தேய்மானமா இருக்கும்" என்று வைத்துவிட்டேன். பார்க்காமலே டயக்னோசிஸ்! இதையே வேறொரு டாக்டர் செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனால், பின்னங்கால் நகமெல்லாம் தேய்ந்து ரத்தக் கசிவு. கால்நடை மருத்துவர் ரெக்ஸின் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் உடனே காலை நேராக்கிவிடும். இவன் அப்படியே நின்றான். அழுத்திப் பார்த்தால் வலியும் இல்லை. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தியே மூளைக்குப் போகவில்லை. கோளாறு மூட்டில் இல்லைங்க, தண்டுவடத்தில்.

டிஜெனரேட்டிவ் மைலோபதி. டிஸ்க் அழுத்தம் போன்ற மற்ற காரணங்களைத் தள்ளிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர முடியும். ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினோம். எஸ்ஓடி1 ஜீனில் கோளாறு, இரண்டு பிரதியிலும். அதாவது அப்பன் நாய், ஆத்தா நாய் ரெண்டு பேரிடமிருந்தும் வந்தது.

அந்த ஜீன் பெயரைப் பார்த்ததும் ஆடிப்போனேன். மனிதர்களுக்கு வரும் ஏஎல்எஸ் நோயில், ஒரு சிறு பகுதியினருக்கு இதே ஜீன்தான் காரணம் என்று 1993லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாய்களில் தெரிந்தது 2009ல்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "என் வளர்ப்புல ஏதும் தப்பாடா?"

இல்லப்பா. சாப்பாடும் காரணமில்லை, சிமெண்ட் தரையும் காரணமில்லை. பிறக்கும்போதே இருந்தது. இரண்டு பிரதி இருந்தும் கடைசிவரை நோயே வராத நாய்களும் உண்டு.

குணமாக்க மருந்து இல்லை. தினமும் அளவான நடை, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிப்பது, பாதத்துக்கு உறை, இவ்வளவுதான். காலையில் அப்பா ஒரு கையில் துண்டும் மறு கையில் சங்கிலியுமாக அவனைத் தெருமுனை வரை கூட்டிப் போகிறார்.

இன்னொன்று பாக்கி இருந்தது. மூன்று வருஷம் முன்பு ரெக்ஸை இணை சேர்க்கக் கொடுத்தோம். நாலு குட்டி. எல்லாவற்றுக்கும் குறைந்தது ஒரு பிரதி போயிருக்கும். தாய்க்கும் இருந்தால் சிலதுக்கு இரண்டு. டெஸ்ட் பண்ணாமல் அவற்றை இணை சேர்க்கக் கூடாது. நாய் வாங்குபவர்களும் தாய் தகப்பனின் ஜீன் ரிப்போர்ட்டைக் கேளுங்க.

மூன்று வீட்டு நம்பர் அப்பாவின் டைரியில் இருந்தது. போன் பண்ணிச் சொல்லிவிட்டோம். நாலாவது வீட்டைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கார்.