மைஹரில் ஒலிக்கும் துப்பாக்கிக் குழல்கள்

இடார்சியிலிருந்து ஜபல்பூர் வழியாகப் பிரயாகைக்குச் செல்லும் இருப்புப் பாதையில், கட்னிக்கும் சத்னாவுக்கும் இடையே மைஹர் என்றொரு நிலையம் உண்டு. காசி யாத்திரை போகும் நம்மவர் பலர் இவ்வூரைத் தூக்கத்திலேயே கடந்திருப்பர். ஊரை அடுத்த குன்றின் மீது சாரதா தேவி கோயில் கொண்டிருக்கிறாள். ஏறிச் செல்ல ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இயலாதோர்க்குக் கம்பிவட வண்டியும் இருக்கிறது. நவராத்திரியில் யாத்திரிகர் கூட்டம் சொல்லி முடியாது. அந்நாட்களில் வழக்கமாக நில்லாத விரைவு வண்டிகள் சிலவற்றையும் இங்கே நிறுத்துவார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது கோயிலைப் பற்றியன்று. அத்தேவியை அன்புடன் வழிபட்ட ஒரு முஸ்லிம் பெரியார், திக்கற்ற பிள்ளைகளைக் கூட்டி வைத்து உண்டாக்கிய வாத்தியக் குழுவைப் பற்றியே.

அப்பெரியார் உஸ்தாத் அலாவுதீன் கான். ஊரார் அவரைப் 'பாபா' என்றே வழங்குவர். இன்று வங்காள தேசத்தில் உள்ள சிப்பூர் என்னும் கிராமத்தில் பிறந்து, சங்கீத மோகத்தால் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடியவர். ராம்பூரில் வஸீர் கானிடம் பயின்றவர். மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங் அவரைத் தம் குருவாகவும் ஆஸ்தான வித்வானாகவும் ஏற்றுக்கொண்டார். 1918-ஆம் ஆண்டு இன்புளுயன்சா என்னும் விஷக் காய்ச்சல் நாடெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மைஹரிலும் தாய் தந்தையரை இழந்த குழந்தைகள் பலர் தெருவில் நின்றனர். மன்னரின் ஆதரவோடு பாபா அவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையில் கொடுத்தார். அதுவே 'மைஹர் பாண்டு'.

ஸிதார், ஸரோட், எஸ்ராஜ், தபலா ஆகியவற்றோடு வயலின், செல்லோ, பியானோ, ஹார்மோனியம் என்று மேனாட்டு வாத்தியங்களும் இக்குழுவில் சேர்ந்தன. இவற்றினும் விந்தையானது 'நல் தரங்கம்'. பழைய துப்பாக்கிகளின் இரும்புக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து, வரிசையாகக் கிடத்திக் குச்சிகளால் தட்டி வாசிப்பது. நம் ஜலதரங்கத்துக்கு உறவு என்று கொள்ளலாம். ஆனால் இங்கே கிண்ணமும் இல்லை, நீரும் இல்லை. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம் பேசும் என்பது வீணை பயிலும் நம் பெண்களுக்குத் தெரியும். தட்டி ஒலிக்கும் குழலுக்குக் கணக்கு வேறு. நீளம் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்காகக் குறைந்தாலே மேல் ஸட்ஜம் வந்துவிடும். ஆகவே அறுப்பதில் சிறிது பிசகினாலும் சுருதி கெடும்.

பாபாவின் நினைவாகப் பெரும்பாலும் பிப்ரவரியில் மைஹரில் சங்கீத விழா நடைபெறுகிறது. அங்கே இக்குழுவைக் கேட்டேன். இன்று இது 'மைஹர் வாத்ய விருந்த்' என்ற பெயரில் இயங்குகிறது. தலை நரைத்தவர்களுக்கு நடுவே இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். நல் தரங்கத்தின் முன்னிருந்தவனுக்கு இருபது வயதுக்கு மேல் மதிக்க இயலாது. குளிரில் விரல் விறைக்காதிருக்க உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டேயிருந்தான். இசை தொடங்கியதும் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாகவே வாசித்தனர். தனி ஆவர்த்தனமோ நீண்ட ஆலாபனையோ இல்லை. ஒரு ராகம் சில நிமிஷங்களில் முடிந்து அடுத்தது வந்தது. கச்சேரிப் பழக்கமுள்ள நமக்கு முதலில் இது சப்பென்றே தோன்றும், எனக்கும் தோன்றிற்று. மூன்றாவது உருப்படியில்தான், அத்தனை வாத்தியங்களும் ஒரே மூச்சில் நின்று ஒரே மூச்சில் எழுவதன் அருமை புலப்பட்டது. பெரியவர் ஒருவர் வில்லைத் தூக்கும் முன்பே, பக்கத்துச் சிறுவன் அவர் தோளைப் பார்த்துத் தயாராகிவிடுகிறான். இவ்வித்தையைப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது. முதியவர் அருகில் இளையவர் உட்காராமற் போனால், ஒரு தலைமுறைக்குள் இது மறைந்துவிடும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில், "எங்கள் வம்சத்தில் பாட்டு இல்லையே" என்று சொல்லிப் பிள்ளைகளின் பாடத்தை நிறுத்துவோர் பலர். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் வயலின் அலமாரிக்கு மேல் ஏறிவிடும். அநாதைப் பிள்ளைகளுக்கு எந்த வம்சம் இருந்தது? பாபாவும் இளகிய மனத்தோடு கற்பித்தவரல்லர். அவருடைய கண்டிப்புத் தாளாமல் மகன் அலி அக்பரே ஒரு சமயம் பம்பாய்க்கு ஓடினார். அந்தக் கடுமையை நான் கொண்டாட மாட்டேன். என் மகளை ஒருவர் அடித்துக் கற்பிக்க நான் ஒப்பேன். ஆனால் தனித்துப் பயிலும் குழந்தை சலித்துப்போவதும், நால்வராகச் சேர்ந்து பயில்வோர் தாக்குப்பிடிப்பதும் நாம் காண்பதே. நம் மன்றத்திலேயே வயலின் மூவர், மிருதங்கம் இருவர், வீணை ஒருத்தி இருக்கின்றனர். இவர்கள் நவராத்திரிக்கு ஒருவர்பின் ஒருவராக ஏறி இறங்குகிறார்களே தவிர, சேர்ந்து உட்கார்ந்து ஒரு வர்ணம் வாசித்ததில்லை.

தாய்மார்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. மூத்த மகள் சங்கீதத்தின் பொருட்டுப் புக்ககத்தில் துன்புற்றதால், இளையவள் அன்னபூர்ணாவுக்குக் கற்பிப்பதில்லை என்றிருந்தார் பாபா. ஒருநாள் அண்ணன் அலி அக்பர் வாசித்ததில் பிழை கண்டு, அச்சிறுமி தானே பாடித் திருத்தினாள். அதைக் கேட்ட தந்தை மனம் மாறினார். பின்னாளில் ஹரிபிரசாத் சௌராஸியா போன்றோர்க்கு அவ்வம்மையே குருவானார்.

இம்மைஹர் வழக்கம் நம் பக்கத்தோடும் ஒருமுறை கைகோத்தது. 1952-இல் தில்லி அகில இந்திய வானொலியில் வாத்திய விருந்தம் அமைந்தபோது, ஹிந்துஸ்தானிப் பகுதியைப் பாபாவின் மாணாக்கர் ரவிசங்கரும், கர்நாடகப் பகுதியை வயலின் வித்வான் டி.கே. ஜெயராமய்யரும் நடத்தினர்.

பாபா 1972-இல் மைஹரிலேயே காலமானார். அவர் வாழ்ந்த 'மதீனா பவனம்' தம் மனைவியின் பெயரால் அமைந்தது. இருவரின் சமாதிகளும் அங்கேயே உள்ளன. காசிக்குப் போகும் அன்பர்கள் ஒரு பகல் இங்கே இறங்கினால் கோயிலையும் இவ்வீட்டையும் பார்த்துவிடலாம். விழாவுக்குச் செல்வோர் தேதியை முன்னரே விசாரித்துக்கொள்க. கச்சேரிகள் நள்ளிரவு வரை நீளும், போர்வை அவசியம்.