கோழி உடைந்த டெர்மினல்

பன்னிரண்டு வருஷமா நான் விம் ஆள். 1991-இல் வந்த எடிட்டர். மவுஸைத் தொடவே வேண்டாம். ஆபீஸே விஎஸ் கோடுக்கு மாறியபோதும் நான் அசையவில்லை.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து வந்த மகள், பைத்தானில் ‘கோழி = 3’ என்று எழுதினாள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். என் டெர்மினல்தான் சொதப்பியது. எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் பழக்கம் அதற்கு. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

“அப்பா, நான் தப்பா எழுதிட்டேனா?”

சுருக்கென்றது. இங்கே பிறந்த நானும் சின்ன வயசில் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இல்லம்மா, அப்பாவோட டெர்மினல்தான் தப்பு.”

விஎஸ் கோடைத் திறந்தேன். உள்ளே ஓடுவது பிரவுசர் இன்ஜின். மெமரியைத் தின்னும், ஆனால் கோழி முழுசாக வந்தது. வேலைக்கு இன்னும் விம்தான். அவள் இப்போது முட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.