ஒரே சாரை, ஒம்போது கலரு!

தஞ்சாவூர்ல திருவையாறு டவுன் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடிச்சிடுங்க பாஸ். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆறு அந்த ரூட்ல. கோயிலும் அசோகாவும் அப்புறம்... முதல்ல கண்டியூர் பக்கம் இறங்கி வரப்புல நடங்க. இன்னிக்கு ஹீரோ, சாரைப்பாம்பு!

வரப்பு முழுக்க ஓட்டை தெரியுதா? எலி வங்கு. இதுக்குத்தான் மூங்கில்ல 'தஞ்சாவூர் கிட்டி' வைப்பாங்க. கூலி கேக்காத கிட்டிதான் சாரை. ஆறடிக்கு மேலயும் வளரும், விஷம் கிடையாது, வங்குக்குள்ளயே பூந்து எலியைப் பிடிக்கும்.

வில்லன் யாருன்னா, அதோட கலர். 'கருஞ்சாரை', 'மஞ்சச்சாரை'ன்னு ஊர்ல தனித்தனி ஜாதியா சொல்வாங்க. வால்ல முள்ளு இருக்குன்னு கதை வேற. கோதுமை நிறத்துல நெளிஞ்சா, 'நல்லபாம்பு'ன்னு கம்பைத் தூக்கிடுவாங்க. உண்மையில எல்லாம் ஒரே இனம். வறண்ட இடத்துல வெளிர் பழுப்பு, ஈரக் காட்டுல கிட்டத்தட்ட கருப்பு.

சயின்ஸும் இதுல கொஞ்சம் அல்லாடியிருக்கு. 1758-ல் லின்னேயஸ் பேர் வெச்சார். 1955-ல் கொழும்பு மியூசியத்து தெரணியகல, இலங்கைச் சாரையை 'மாக்சிமஸ்'னு தனிக் கிளையினமாக்கினார். இன்னிக்குப் பல பட்டியல்கள் அதைத் தனியா பிரிக்கிறதில்லை. 2004-ல் ஆண்பால், பெண்பால் இலக்கணம் பார்த்து 'மியூகோசஸ்' 'மியூகோசா' ஆச்சு. பாம்புக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்!

அப்போ எதைப் பார்க்கணும்? தள்ளி நின்னே பாருங்க. பெரிய கண்ணு, தலைக்குப் பின்னாடி ஒடுங்கின கழுத்து, உதட்டுச் செதில்கள்ல கருப்புக் கோடு, பின்னுடம்புல கருப்புப் பட்டைகள். மிரண்டா கழுத்தை மேலும் கீழுமா உப்பி உறுமும். நல்லபாம்பு மாதிரி பக்கவாட்டுல படம் விரிக்காது. சந்தேகமா இருந்தா ஒதுங்கிடுங்க, கிட்டப் போய் ஹீரோயிசம் வேணாம்.

ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நிமிர்ந்தா, 'நல்லதும் சாரையும் சேருது'ன்னு துண்டு போடுவாங்க. பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரைங்க போடுற மல்யுத்தம்!

கம்பைத் தூக்குறவங்ககிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. 2022-ல் திருத்தின வனவிலங்குச் சட்டத்துல சாரை முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கிற அதே லிஸ்ட்.

வெட்டவெளியில உரிச்ச பாம்புச் சட்டை கிடந்தா விட்டுடாதீங்க. கலரு அநேகமா இருக்காது, செதில் அச்சு அப்படியே இருக்கும். நடு உடம்புல குறுக்கால வரிசையை எண்ணுங்க. நல்லபாம்புன்னா பெரும்பாலும் 20-க்கு மேல. சாரைன்னா 16, இல்லே 17.