கிழவி வேடம் போட்ட பெண்

போன வாரம் ஒரு ஊறுகாய் பாட்டிலோடு நானும் என் மனைவியும் மல்லுக்கட்டினோம். துணி சுற்றித் திருகினோம். வெந்நீரில் கவிழ்த்து வைத்தோம். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் வந்து, "இதுக்கா தாத்தா இவ்ளோ பாடு?" என்று ஒரே திருகில் திறந்துவிட்டுப் போனான். எனக்கு பேட்ரிசியா மூர் ஞாபகம் வந்தது.

மூர் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்காரர். ரோசெஸ்டரில் தொழில் வடிவமைப்பு படித்து, நியூயார்க்கில் ரேமண்ட் லோவியின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். லோவி பாரிசில் பிறந்தவர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அவரைப் பற்றிப் படிக்கும் ஆவல். அப்படித் தேடப் போய்த்தான் மூரைக் கண்டேன்.

அங்கே ஒரு கூட்டத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பற்றிப் பேச்சு. கை மூட்டுவலிக்காரர்களும் திறக்கும்படி செய்யலாமே என்று மூர் கேட்டாராம். அந்த மாதிரி ஆட்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்று பதில் வந்தது. ஆனால் அவர் மனதில் இருந்தது அவருடைய சொந்தப் பாட்டி.

1979இல், 26 வயதில், மூர் எண்பது வயதுக் கிழவியானார். நரைமுடி, முகத்தில் ஒட்டிய சுருக்கத் தோல் எல்லாம் வெளிவேடம். காதில் மெழுகை அடைத்தார், பார்வை மங்கும்படி கண்ணாடி போட்டார், முட்டி மடங்காதபடி கட்டுப் போட்டார், விரல்களையும் கட்டிக்கொண்டார். 1982 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பஸ் ஏறினார், கடைக்குப் போனார், மூடிகளோடு போராடினார். ஒருமுறை பையன்கள் கும்பலாக வந்து அடித்தும் போட்டார்கள். பிறகு அவர் கைபட்ட பொருள்களில் ஒன்று, 1990இல் வந்த ஆக்ஸோ சமையலறைச் சாமான்கள். அதில் தோல் சீவும் கருவிக்குக் கனமான ரப்பர் கைப்பிடி. வலிக்கிற கைக்கும் வழுக்காது.

இதெல்லாம் சரி. என்னைத் தூங்கவிடாதது ஒரு சின்ன விஷயம். மூர் கிழவியாக ஒரு கடைக்கு டைப்ரைட்டர் ரிப்பன் வாங்கப் போனார். கடைக்காரர் சிடுசிடுத்தார். பிறகு அதே கடைக்கு இளம்பெண்ணாகவே போனார். அதே மனிதர், அப்படி ஒரு பணிவு!

நானும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன்தான். எங்கள் அலுவலகப் படிவத்தில் கையெழுத்துக் கட்டம் தீப்பெட்டியை விடச் சின்னது. ஒரு அம்மாள், புதுச்சேரியில் நாங்கள் சொல்தா என்போமே, அப்படி ஒருவரின் விதவை. கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். கட்டத்தைப் பெரிதாக்க ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற நவம்பரில் வாழ்நாள் சான்றுக்காகப் போனேன். அங்கிருந்த பெண், "சார், சைன் மாறுதே" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். என் கை நடுங்கியது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பேனாவை எடுத்தது கண்முன் வந்தது.