எங்கள் பள்ளித் தொலைபேசி தமிழ் பேசிய கதை



தமிழ்ப்பள்ளிகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கணினியைத் தயக்கமின்றித் தொடும் ஆசிரியர் எவரோ, அவரே ஒலிபெருக்கி, ஒளிப்படக்கருவி, பள்ளி மணி, நீர்ப்பம்பு ஆகிய அனைத்துக்கும் பொறுப்பாளர். ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கம் சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்திற்குப் புதிய தொலைபேசி அமைப்பு ஒன்றை வாங்கித் தந்தபோது, அதன் தடித்த கையேடு மூன்றாம் ஆண்டு மாணவரின் தமிழ்மொழிப் பயிற்சி நூல்களுக்கு மேல் என் மேசையில் வந்து அமர்ந்ததில் வியப்பேதும் இல்லை.

'கீபோன்' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் அமைப்புதான் அது. மூன்று வெளி இணைப்புகள், எட்டு உள்தொலைபேசிகள். சுவரில் மாட்டிய ஒரு பெட்டி, வரும் அழைப்பை எந்த அறைக்கு அனுப்புவது, எவரும் எடுக்காவிட்டால் வேறெங்கே திருப்புவது, எந்த அறையிலிருந்து எந்த எண்ணை அழைக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. முன்பு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. அது மணியடிக்கும், குமாஸ்தா எடுப்பார், தேவைப்பட்டவரைத் தேடி ஒரு மாணவன் ஓடுவான். அந்தப் பழைய முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதில் ஒரு மனிதக் குரல் முதல் நொடியிலேயே கேட்டது.

புதிய பெட்டியைப் பொருத்த வந்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்தார்கள். அழைப்பவரைத் தானியங்கிக் குரல் ஒன்று வரவேற்கும் வசதியையும் முடுக்கிவிட்டுச் சென்றார்கள். வரவேற்புக் குரல் ஆங்கிலத்தில் இருந்தது. இன்ன பிரிவுக்கு 1, இன்ன பிரிவுக்கு 2 என்று தொடர்ந்து, எண் எதுவும் அழுத்தப்படாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரு வணிக அலுவலகத்திற்கு அது பொருந்தலாம். அவர்கள் எல்லா இடங்களிலும் அப்படியே அமைப்பார்கள் போலும்.

இரண்டு வாரங்கள் கழித்து, அழைப்புப் பதிவேட்டை அச்சிட்டுப் பார்த்தேன். இத்தகைய அமைப்புகள், வரும் அழைப்பு ஒவ்வொன்றின் நேரத்தையும் நீளத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும். கணினியில் இணைத்தால் எடுத்துக்கொள்ளலாம். காலை 7 மணியிலிருந்து 8 மணிவரை வந்த அழைப்புகளில் பல, அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஒரே எண்ணிலிருந்து தொடர்ந்து மூன்று முறை அழைப்பு வந்திருந்தது. மூன்றுமே எவரிடமும் சேராமல் முடிந்திருந்தன. அந்த எண் யாருடையது என்று மாணவர் விவரக் கோப்பில் தேடினேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய பாட்டியின் எண்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பையனுக்கு இழுப்பு நோய் உண்டு. மூச்சுத் திணறினால் பயன்படுத்தும் 'பம்ப்'பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அன்று முதல் பாடம் உடற்கல்வி. பாட்டி வெயிலில் நடந்தே வந்து, வாயிற்காவலரிடம் அதைக் கொடுத்தபோது பையன் திடலோரத்தில் கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அன்று பெரிதாக ஒன்றும் நேரவில்லை. ஆனால் நேர்ந்திருக்கலாம்.

மறுநாள் பையனை அழைத்துப்போக வந்த பாட்டியிடம், "ஏன் பாட்டி, போன் செய்தீர்களே, பேசவில்லையா?" என்று கேட்டேன்.

"பேசினேனே டீச்சர்! யாரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்தா. அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கா. நான் சொல்றதக் காதுலயே வாங்கல. பேசி முடிச்சதும் வச்சிட்டா. மறுபடி அடிச்சா மறுபடியும் அவளேதான்," என்றார் பாட்டி. அவர் குரலில் இருந்தது கோபமில்லை. பள்ளியில் இப்போது வேறு யாரோ வேலைக்கு வந்துவிட்டார்கள் என்ற ஏற்பு. அதுதான் என்னை உறுத்தியது. தோட்டத்தில் பால்வெட்டி, பேரனைத் தமிழ்ப்பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று மருமகனிடம் வாதாடிச் சேர்த்த பெண்மணி அவர். அவர் அழைத்தால் பள்ளி அவருடைய மொழியில் பேசவில்லை.

அன்று மாலை தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, கையேட்டைத் திறந்தேன். மின்னணுவியல் எதையும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் கையேட்டை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம்வரை படிப்பது என்பது பாடத்திட்டத்தைப் படிப்பதைப் போன்றதே. பொறுமை இருந்தால் போதும். அமைப்பை மாற்றுவதற்கெனத் திரை பொருந்திய ஒரு தொலைபேசி அலுவலகத்தில் இருக்கும். மறைசொல்லை அழுத்தி, வேண்டிய பகுதியின் எண்ணைத் தட்டி, மதிப்பை மாற்றிச் சேமிக்க வேண்டும்.

முதல் கேள்வி, வரவேற்புக் குரல் வேண்டுமா என்பதே. வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். ஆனால் காலையில் குமாஸ்தா ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் இரண்டாம், மூன்றாம் அழைப்புகள் வெறும் மணியோசையோடு காத்துக் கிடக்கும். பள்ளிதானா, தவறான எண்ணா என்ற ஐயம் எழும். ஆகவே குரல் இருக்கட்டும். பட்டியல் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஆசிரியர் அறையில் பெரிய விவாதமே நடந்தது. மாணவி ஒருத்தியின் மழலைக் குரலில் குறள் ஒன்றைச் சொல்லித் தொடங்கலாம் என்றார் ஒருவர். பள்ளிப்பண் ஒலிக்கட்டும் என்றார் இன்னொருவர். "தொடர்புகொள்ள விழையும் பிரிவின் எண்ணை அழுத்தவும்" என்று எழுதிக்கொண்டு வந்தார் மற்றொருவர். தமிழ் வளர்க்கும் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். எனினும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதறி அழைக்கும் தாய்க்குக் குறளின் பொருளை நினைக்க நேரமிருக்காது. 'விழையும்' என்ற சொல் வகுப்பறைக்கு உரியது. பாட்டியின் காதுக்கு உரியதன்று. இறுதியில் எங்கள் அறிவியல் ஆசிரியையின் நிதானமான குரலில் இவ்வளவே பதிவானது: "வணக்கம். இது தமிழ்ப்பள்ளி. கொஞ்சம் இருங்கள், பேசுகிறோம்." அதைத் தொடர்ந்து மலாயில், "சிலா துங்கு செபெந்தார்." மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து அழைப்பவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? பள்ளியின் பெயரும் சேர்ந்து, மொத்தம் எட்டு நொடிகள்.

அதன்பின் எதையும் அழுத்த வேண்டியதில்லை. எண் எதுவும் வராவிட்டால் துண்டிக்கச் சொன்ன அமைப்பை மாற்றி, நேரே குமாஸ்தாவின் தொலைபேசிக்கு அனுப்பும்படி செய்தேன். நான்கு மணியோசைக்குள் அவர் எடுக்காவிட்டால், ஆசிரியர் அறை, மாணவர் நலத் துணைத்தலைமையாசிரியர் அறை, பாலர் பள்ளி ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் மணியடிக்கும். யார் அருகில் இருக்கிறார்களோ அவர் எடுக்கலாம். இதைக் குழு அழைப்பு என்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிச்செல்லும் வகையும் உண்டு. ஆனால் ஒவ்வோர் அறையிலும் சில மணியோசைகள் வீணாகக் கழியும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எண்களை அழுத்துவதைப் பற்றி ஒரு சிறு செய்தி. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னபோது மிகவும் ரசித்தார்கள். 1 என்ற எண்ணை அழுத்தினால் கேட்கும் ஒலி ஒன்றன்று, இரண்டு: 697 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஒலி. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் ஒலி. பெட்டி அவ்விரண்டையும் பிரித்தறிந்து எந்த எண் என்று கண்டுகொள்கிறது. அமெரிக்காவில் 1963-இல் இம்முறை பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதக் குரலில் இயல்பாக இவ்விரு ஒலிகள் சரியாகச் சேர்ந்து வருவது அரிது என்பதால்தான், நாம் பேசும்போது பெட்டி குழம்புவதில்லை. ஒரு மாணவன் உடனே வாயால் சீட்டியடித்துப் பார்த்தான். ஒருவரால் ஒரு நேரத்தில் ஓர் ஒலியைத்தானே சீட்டியடிக்க முடியும்! நண்பனைச் சேர்த்துக்கொண்டான்.

கையேட்டில் என்னை நெடுநேரம் நிறுத்திய பக்கம் வேறு. வெளியே அழைக்க முதலில் 9-ஐ அழுத்த வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் விதி. அப்படியானால், ஆபத்து வேளையில் ஒருவர் 999 என்று அழுத்தினால் என்ன நடக்கும்? முதல் 9 வெளி இணைப்பைப் பெறுகிறது. எஞ்சிய 99 மட்டுமே வெளியே போகிறது. அழைப்பு எங்கும் சேர்வதில்லை. பெரியவர்களுக்கே பதற்றத்தில் இது நினைவுக்கு வராது. குழந்தைக்கு எப்படி வரும்?

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள மார்ஷல் நகரில், கேரி ஹன்ட் என்ற பெண் விடுதி அறையில் தாக்கப்பட்டு இறந்தார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள், தனக்குக் கற்றுக்கொடுத்தபடியே 911-ஐ நான்கு முறை அழைத்தாள். வெளியே அழைக்க முன்னால் ஒரு 9 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அச்சிறுமியின் தாத்தா தொடங்கிய முயற்சியால், 2018-இல் அங்கே கேரி சட்டம் பிறந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு புதிதாகப் பொருத்தப்படும் இத்தகைய அமைப்புகளில் முன்னெண் ஏதுமின்றியே 911-ஐ அழைக்க முடிய வேண்டும் என்பது அந்நாட்டில் விதி. நாமும் நன்னெறிப் பாடத்திலும் உடல்நலக் கல்வியிலும் 999-ஐ அழைக்கக் கற்றுக்கொடுக்கிறோம். கற்றுக்கொடுக்கும் கட்டடத்திலேயே அது வேலை செய்ய வேண்டாமா?

வெளி இணைப்புக்கான எண்ணை 9-இலிருந்து 0-க்கு மாற்றினேன். குமாஸ்தாவை அழைக்க 0 என்றிருந்ததை எடுத்துவிட்டேன். 101 என்ற அவருடைய எண்ணே போதும். இப்போது 9 என்ற முதல் எண் காலியாகிவிட்டதால், 999 என்பதை விரைவழைப்பாகப் பதிய முடிந்தது. எந்த அறையிலிருந்து அழுத்தினாலும் பெட்டி தானே வெளி இணைப்பை எடுத்து 999-ஐ அழைக்கும். இதைச் சோதிக்க 999-ஐ அழைத்துப் பார்ப்பது முறையன்று. அங்கே வேறொருவர் உதவிக்குக் காத்திருக்கக்கூடும். ஆதலால் அந்த இடத்தில் முதலில் என் கைப்பேசி எண்ணைப் பதிந்து, எட்டு அறைகளிலிருந்தும் 999-ஐ அழுத்தச் சொன்னேன். எட்டு முறை என் கைப்பேசி ஒலித்தது. பிறகே உண்மையான எண்ணைப் பதிந்து, திரையில் இருமுறை சரிபார்த்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த மறைசொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். அது கையேட்டில் எல்லாருக்கும் தெரியும்படி அச்சாகியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே நுழைந்து, நம் கணக்கிலேயே வெளிநாட்டுக்கு அழைக்கும் திருட்டு உலகெங்கும் நடக்கிறது. எனவே 00-இல் தொடங்கும் எண்களை எல்லா அறைகளுக்கும் தடுத்துவிட்டேன். இரவு நிலையை மாலை 5 மணிக்குத் தொடங்க வைத்தேன். பள்ளி முடிந்ததும் அதை முடுக்கிவிடலாம் என்றார்கள். ஆனால் 'வேன் இன்னும் வரவில்லையே' என்று பெற்றோர் பதறி அழைப்பது பிற்பகல் 2 மணிக்குமேல்தான். ஐந்துக்குப் பிறகு வரும் அழைப்பு காவலர் கூண்டுக்குச் செல்லும்.

மின்தடைக்கும் ஒரு வழி உண்டு. இடி மின்னலோடு மழை பெய்யும் மாலைகளில் இங்கே மின்சாரம் போவது நமக்குப் புதிதன்று. அப்போது பெட்டி செயலிழந்தாலும், ஒரு வெளி இணைப்பு குறிப்பிட்ட ஓர் உள்தொலைபேசியோடு நேரடியாக இணைந்துகொள்ளும். அந்த இடத்தில் சாதாரணத் தொலைபேசியை வைக்க வேண்டும். கம்பியில்லாத் தொலைபேசிக்கு மின்சாரம் வேண்டும். உங்கள் பள்ளிக்குச் செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை வந்திருந்தால், அதன் மோடத்திற்கும் மின்கலச் சேமிப்பு இருந்தால்தான் இந்த வசதி பயன்படும். எங்களுக்கு அது இன்னும் வாங்கப்படவில்லை; சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

புலனக் குழு இருக்கும்போது தொலைபேசி எதற்கு என்று சில பெற்றோர் கேட்டார்கள். வகுப்புக் குழுவில் இல்லாதவர்கள் யார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பேரனை வளர்க்கும் பாட்டிகளும், சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் தாத்தாக்களும், இரவு வேலை முடித்து வரும் தந்தையருமே பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். மேலும், பாடம் நடத்தும் ஆசிரியர் கைப்பேசியைப் பார்ப்பது ஓய்வு வேளையில்தான்.

எங்கள் குமாஸ்தா ஒரு மலாய்ப் பெண்மணி. 'காக்' என்றே நாங்கள் அனைவரும் அழைப்போம். குரல் பதிவு தமிழில் தொடங்கியதும் அவர் என்னிடம் வந்து, "வணக்கம் என்று சொல்லிவிட்டு என்னிடம் அனுப்புகிறாயே, அவர்கள் தமிழிலேயே பேசத் தொடங்குகிறார்கள், நான் என்ன செய்வது?" என்று சிரித்தார். நியாயமான கேள்வி. பிள்ளையின் பெயர் என்ன, எந்த வகுப்பு, உடம்பு சரியில்லையா, யார் வந்து அழைத்துப்போவார்கள், ஆசிரியரைக் கூப்பிடுகிறேன் என்று பன்னிரண்டு வாக்கியங்களை ரூமி எழுத்தில் எழுதி, அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, தாளின் அடியில் அவரே பென்சிலால் மேலும் நான்கு எழுதிச் சேர்த்திருந்தார். அவற்றுள் ஒன்று: 'பயப்படாதீங்க பாட்டி, பையன் நல்லா இருக்கான்.'