முஹிக்காவின் நீலக் கார்

உருகுவே அதிபரா இருந்த ஹோசே முஹிக்கா பத்தின வீடியோ ஒண்ணு இப்பதான் பார்த்தேன்.

2010லேர்ந்து 2015 வரைக்கும் பதவி.
மாளிகை வேண்டாம்னுட்டு, தலைநகர் மொண்டெவிடேயோவுக்கு வெளிய பண்ணை வீட்டுலயே இருந்துட்டார் மனுஷன்.
ஓட்டினது 1987 மாடல் நீல பீட்டில் கார்.
சம்பளத்துல பெரும்பகுதி தானம்.
டை கட்ட மாட்டார்.
மூணு கால் நாய் ஒண்ணு கூடவே சுத்திட்டிருக்கும்.

எல்லாம் வேஷம்னு சொல்றவங்களும் உண்டு.
இருக்கட்டுமே!
பதவி போய், 2025ல கண்ண மூடற வரைக்கும் அதே வீடுதான். அவ்வளவு வருஷம் யாரால நடிக்க முடியும்?

நானும் பழைய ஸ்கூட்டர்லதான் ஆபீஸ் போறேன்.
எளிமைன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.
"இன்னும் லோன் கிடைக்கலையா?"ன்னுதான் கேக்கறாங்க.

அப்போ எளிமையானவர்னு பேர் வாங்கவே முதல்ல ஒரு பதவி வேணுமோ?
சொல்லுங்க மக்களே.